பாறைக்கு முளைத்த நரைமுடி

“மண்ணே இல்லாத மொட்டைப் பாறையில் பாசி எப்படிப் பிழைக்கிறது?” என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். குளத்தில் மிதப்பதையும் பாறையில் ஒட்டியிருப்பதையும் நாம் பாசி என்றே சொல்கிறோம். குளத்தில் இருப்பது பெரும்பாலும் ஆல்கா. பாறையில் மெத்தென்று இருப்பது மாஸ். குட்டித் தண்டும் இலைகளும் கொண்ட நிலத்தாவரம்.

அதில் எனக்கு மிகவும் பிடித்தது கிரிம்மியா புல்வினாட்டா. லத்தீனில் ‘புல்வினஸ்’ என்றால் மெத்தை. ஐரோப்பாவில் சுண்ணாம்புப் பாறை, பழைய கற்சுவர், கூரை ஓடு, கான்கிரீட் எதிலும் இதைப் பார்க்கலாம். ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரத்தில், பாதியாக வெட்டிய பந்து போல உட்கார்ந்திருக்கும். வேர் கிடையாது. ரைசாய்டு எனும் இழைகள் கல்லைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. தண்ணீரை இலைகளே நேரடியாக உறிஞ்சுகின்றன.

தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் நிறம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: அடியில் நல்ல பச்சை, ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு நீண்ட வெள்ளை முடி. அந்த முடியில் பச்சையம் இல்லை, உயிரும் இல்லை. பிறகு எதற்கு?

எந்தப் பரப்பின் மீது காற்று வீசினாலும், பரப்பை ஒட்டி அசையாத காற்று மெல்லிய படலமாகத் தங்கிவிடும். இலையிலிருந்து கிளம்பும் நீராவி அந்தப் படலத்தை மெதுவாக ஊடுருவித்தான் வெளியேற முடியும். படலம் தடித்தால் ஈரம் போவதும் தாமதமாகும். இந்த முடிகள் செய்வது அதைத்தான்: வீசும் காற்றை இலைகளுக்கு மேலேயே நிறுத்திவிடுகின்றன. பிரிட்டனைச் சேர்ந்த தாவரவியலாளர் மைக்கேல் ப்ராக்டர், 1980இல் வெளிவந்த ஆய்வில், முடிகள் நீர் இழப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை குறைப்பதாகக் காட்டினார். செத்த முடிக்கு இவ்வளவு வேலை!

ஆனாலும் மெத்தை காய்ந்துதான் போகும். முடி அதைத் தடுப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. ஈரமாக இருக்கும்வரைதான் ஒளிச்சேர்க்கை நடக்கும் என்பதால், மழை விட்ட பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இதற்குச் சம்பாதிக்கும் நேரம். அப்புறம் இலைகள் தண்டோடு ஒட்டிச் சுருங்க, செல்கள் வேலையை நிறுத்திவிடும். சாவதில்லை. அடுத்த மழை பட்டதும் சில நிமிடங்களில் இலைகள் விரிந்துவிடும்.

இப்படிக் காய்ந்து மீளும் திறன் நம் உணவுப் பயிர்களின் இலைகளுக்கு இல்லை. வறட்சி ஆராய்ச்சி என்ற பேரில் செலவாகும் பணத்தில் மாஸ்களுக்கும் உருப்படியான பங்கு போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேரில்லாத இதைச் சுவரைப் பிளந்துவிடும் என்று பயந்து, கம்பி பிரஷ்ஷால் சுரண்டி எறிவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை.

சுரண்டுமுன் வசந்த காலத்தில் ஒருமுறை குனிந்து பாருங்கள். வித்துகள் உள்ள காப்ஸ்யூலின் இளம் காம்பு அன்னத்தின் கழுத்தாக வளைந்து, தலையை முடிகளுக்கடியில், அந்த அசையாக் காற்றுக்குள் புதைத்திருக்கும். முற்றியதும் காம்பு நிமிரும், மூடி கழன்று விழும், வாயைச் சுற்றிய 16 செம்பற்கள் வறண்ட காற்றில் விரிய, வித்துகள் அடுத்த கல்லைத் தேடிப் பறக்கும்.