கேள்வியை அவரிடமே கேளுங்கள்: ஓட்டிச ஆய்வுக்கு வருவோருக்கும் பெற்றோருக்கும்

யாழ்ப்பாணத்தில் பேச்சு மொழிச் சிகிச்சையாளராகப் பணிபுரியும் எனக்கு, ஓட்டிசம் பற்றி ஆய்வு செய்ய இளையவர்கள் முன்வருவது மகிழ்ச்சி தரும் விடயம். தமிழ் பேசும் பிள்ளைகளைப் பற்றிய தரவுகள் மிகக் குறைவு என்பதை நாளாந்தம் உணர்பவர்கள் நாங்கள். ஆனால் அண்மையில் கைக்கு வந்த ஓர் ஆய்வு முன்மொழிவைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. அதன் தலைப்பிலேயே ‘பங்கேற்பு ஆய்வு’, அதாவது ஆய்வுக்கு உட்படுவோரும் சேர்ந்து திட்டமிட்டு நடத்தும் ஆய்வு, என்று இருந்தது. உள்ளே, பெற்றோர் வினாக்கொத்தை நிரப்புவார்கள் என்றும், பிள்ளைகளின் சமூகத் தொடர்பாடல் காணொலியில் பதிவு செய்யப்படும் என்றும் எழுதியிருந்தார்கள். கேள்விகளை அமைப்பதிலோ, கிடைக்கும் தரவுகளுக்குப் பொருள் காண்பதிலோ ஓட்டிசம் உள்ள ஒருவருக்கேனும் அங்கே இடமில்லை. இப்படிப்பட்ட முன்மொழிவு வருவது இது முதல் தடவையும் அல்ல.

நான் உடனிருந்த ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். இருபது வயது கடந்த இளைஞர் ஒருவர் தாயாருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். கேள்விகள் எல்லாம் தாயாரிடமே போயின. சிறிது நேரத்தில் அந்த இளைஞர், “இறங்கிறாக்கள் முன்னுக்கு வாங்கோ” என்று பேருந்து நடத்துநரின் குரலிலேயே இரண்டு தடவை சொன்னார். ஆய்வாளர் தன் படிவத்தில் ‘பொருத்தமற்ற பேச்சு’ என்ற கட்டத்தில் அடையாளமிட்டார். தாயாரோ, “இவருக்கு வெளியிலை போகவேணும் போல கிடக்கு” என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார். எங்கோ கேட்ட வசனத்தைத் தன் தேவைக்கு எடுத்துப் பயன்படுத்துவது தொடர்பாடல்தான் என்பது எங்கள் துறையில் 1980களின் தொடக்கத்திலேயே பேசப்பட்ட விடயம். அந்தப் படிவத்தில் அது குறையாகப் பதிந்தது.

இனி, என்னை மிகவும் வருத்தும் எண்ணத்துக்கு வருகிறேன். “பேச்சு வராதவரிடம் என்னத்தைக் கேட்பது? அம்மாவிடம் கேட்டால் போதும்தானே” என்கிறார்கள். மாணவர்கள் மட்டுமல்ல, அனுபவம் மிக்க வைத்தியர்களும் ஆசிரியர்களும்கூடச் சொல்கிறார்கள். பேச்சு குறைவு என்பதனால் கருத்து இல்லை என்று ஆகிவிடாது. தாய்க்குத் தன் பிள்ளையைப் பற்றி மற்ற எவரையும்விட அதிகம் தெரியும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கதவைத் திறந்துவிட்டவரும் அவர்தான். ஆயினும் பிள்ளையின் உள்ளிருந்து பார்க்க எந்தத் தாயாலும் முடியாது. அதே நேர்காணலில், மகனுக்குப் பெரிய சந்தோஷம் எது என்ற கேள்விக்குத் தாயார் கோயில் திருவிழா என்றார். பின்னர் எமது சிகிச்சை அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதே கேள்வியைத் தாளில் எழுதிப் படங்களுடன் அந்த இளைஞர் முன் வைத்துக் காத்திருந்தோம். வெகுநேரம் கழித்து அவர் தன் கையால் எழுதியது: ‘தேர் பார்க்க வேண்டும். ஸ்பீக்கர் வேண்டாம்.’ தாயார் சொன்னதில் பாதி சரி. மற்றப் பாதியை மகன் ஒருவரால்தான் சொல்ல முடிந்தது. ஊருக்கு ஊர் திருவிழாக் காலத்தில் ஒலிபெருக்கி கட்டும் இந்தக் குடாநாட்டில், ஆய்வு செய்யப்பட வேண்டிய கேள்வி அந்த மற்றப் பாதியில்தான் இருக்கிறது. எந்த வினாக்கொத்திலும் நான் அதைக் கண்டதில்லை.

(‘தன் கையால்’ என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. இன்னொருவர் கையைப் பிடித்து எழுத வைக்கும் முறையில் வெளிவருவது பிடித்தவரின் எண்ணமாகவே இருக்கக்கூடும் என்பதால், அமெரிக்கப் பேச்சு மொழி கேட்டல் சங்கம் 2018இல் அதற்கு எதிராகத் தெளிவான நிலைப்பாட்டை வெளியிட்டது. அப்படி எழுதியதை ஆய்வில் ‘அவரது குரல்’ என்று சேர்க்காதீர்கள்.)

சமூகத் தொடர்பாடல் என்பது இருவருக்கிடையே நிகழ்வது. ஒருவரை மட்டும் அளந்து குறை காண்பது அரைகுறை அளவீடு. இதை 2012இல் ஒரு கோட்பாடாக முன்வைத்த சமூகவியலாளர் டேமியன் மில்டன் தாமும் ஓட்டிசம் உடையவர். ஓட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுவதுபோல மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளச் சிரமப்படுகிறார் என்பது அவர் வாதம். 2020இல் கத்தரின் குரொம்ப்டனும் சக ஆய்வாளர்களும் எட்டுப் பேர் கொண்ட வரிசைகளில் ஒரு கதையை ஒருவரிடமிருந்து ஒருவருக்குச் சொல்ல வைத்தார்கள். ஓட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசைகளில் கதை, ஓட்டிசம் இல்லாதவர்களின் வரிசைகளில் போலவே நின்றது. இரு சாராரும் கலந்த வரிசைகளில்தான் கூடுதலாகக் கரைந்தது. 2025இல் 311 பேருடன் வெளிவந்த பெரிய ஆய்வில் கலந்த வரிசைகளிலும் அந்தச் சரிவு தென்படவில்லை. ஓட்டிசம் உள்ளவர்களால் தகவலைச் சரிவரக் கடத்த முடியாது என்ற நம்பிக்கைக்கு இரண்டு ஆய்வுகளிலும் ஆதாரம் இல்லை.

எமது மண்ணில் இன்னொன்றும் உண்டு. பெரியவர் முன் தலை குனிந்து நிற்கும்படி வளர்க்கப்படும் பிள்ளையை, ‘கண்ணைப் பார்த்துப் பேசுகிறாரா’ என்ற பிறநாட்டுக் கேள்வியால் அளந்து எதை அறியப் போகிறோம்?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. தங்களைப் பற்றிய தீர்மானங்களில் தங்களிடம் கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்பது அதன்படி அவர்களது உரிமை. அமெரிக்காவில் ஆஸ்பயர் என்ற குழு 2006 முதல் ஓட்டிசம் உள்ள வளர்ந்தவர்களை இணை ஆய்வாளர்களாகவே வைத்துப் பணி செய்து, அதை எப்படிச் செய்வது என்ற வழிகாட்டலையும் 2019இல் வெளியிட்டிருக்கிறது. ஆகவே ‘எப்படிச் செய்வதென்று தெரியவில்லை’ என்பதை நான் ஏற்கமாட்டேன்.

ஆய்வாளர்களே, தலைப்பைத் தீர்மானிக்க முன்னரே ஓட்டிசம் உள்ள சிலருடன் அமர்ந்து பேசுங்கள். ஆய்வு முடிந்த பின் நன்றியுரையில் பெயர் போடுவது பங்கேற்பு ஆகாது. கேள்விகளை முற்கூட்டியே எழுத்திலோ படத்திலோ கொடுங்கள். கேட்டபின் காத்திருங்கள், பதில் தாமதமானால் அதே கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்காதீர்கள், அவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். நிறுத்தச் சொல்ல ஒரு சிவப்பு அட்டையை அவர் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். அதை எடுத்தால் உண்மையிலேயே நிறுத்துங்கள். அவரது நேரத்துக்கும் போக்குவரத்துக்கும் பணம் கொடுங்கள். முடிவுகளைத் தமிழில், அவர்களுக்கு விளங்கும் வடிவில் திருப்பிக் கொண்டு வாருங்கள். பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதாது. பிள்ளை தன் முறையில் காட்டும் மறுப்பையும் மதிக்க வேண்டும் என்பது, மருத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கிப் பிரகடனத்தில் உள்ள நெறி. முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கதவருகே போய் நிற்பதும், நடத்துநரின் குரலில் பேசுவதும் மறுப்பாக இருக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். தமிழில் சிகிச்சை தருவோர் குறைவாக உள்ள எமது மாகாணத்தில், மறுத்தால் கிளினிக்கில் இடம் போய்விடுமோ என்ற பயத்தில் நீங்கள் கையெழுத்திடுவதை நான் கண்டிருக்கிறேன். ஆய்வில் சேர மறுத்தால் பிள்ளையின் சிகிச்சை நிறுத்தப்படக் கூடாது. நிறுத்திவிடுவோம் என்று யாராவது சொன்னால், அந்த ஆய்வுக்கு அனுமதி வழங்கிய நெறிமுறை மீளாய்வுக் குழுவிடம் முறையிடுங்கள். குழுவின் பெயரும் தொலைபேசி இலக்கமும் சம்மதப் படிவத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். காணொலி எடுக்கக் கேட்டால், யார் பார்ப்பார்கள், எங்கே வைக்கப்படும், எப்போது அழிக்கப்படும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்து, பிள்ளைக்கும் காட்டி, நாளை சொல்கிறோம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.