தொடாமல் எடுத்த அச்சு

1817-இல் ஜியோவானி பெல்சோனி என்ற இத்தாலியர் எகிப்தின் அரசர்கள் பள்ளத்தாக்கில் முதலாம் சேத்தியின் கல்லறையைக் கண்டுபிடித்தார். உள்ளே சுவர்ச் சிற்பங்களின் நிறம் நேற்றுத்தான் பூசியதுபோல இருந்தது. இதை ஐரோப்பாவில் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மெழுகு, பிசின், பொடி மூன்றையும் கலந்து சுவரில் அழுத்தி அச்செடுத்தார். நிறங்களைத் தாளில் வரைந்துகொண்டார்கள். 1821-இல் லண்டன் பிக்கடில்லியில் அந்தக் கல்லறையின் இரண்டு அறைகள் அதே அளவில் எழுந்து நின்றன.

அவருக்குப் பின் வந்தவர்களுக்கு மெழுகு காய்ச்சும் பொறுமைகூட இல்லை. ஈரக் காகிதத்தைச் சுவரில் ஒட்டி, தட்டி, காய்ந்ததும் உரித்தெடுத்தார்கள். காகிதத்தோடு நிறமும் உரிந்து வந்தது. காரணம் எளிது. எகிப்தியர்கள் காய்ந்த பூச்சின்மேல்தான் தீட்டினார்கள். நிறப்பொடியை மரப்பிசினிலோ விலங்குப் பசையிலோ குழைத்த வண்ணம் அது. தண்ணீர் பட்டால் பசை இளகும். பிடிமானம் போன பொடி எதில் ஒட்டுகிறதோ அதோடு போய்விடும். மூவாயிரம் ஆண்டு இருட்டில் பத்திரமாக இருந்த நிறத்தை, அதை நேசித்தவர்களே நகலெடுக்கிறேன் என்று உரித்துக்கொண்டு போனார்கள். எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான்.

அப்படியானால் சுவரைத் தொடாமலே நகலெடுக்க முடியுமா? முடியும் என்பதற்கு எகிப்தின் லக்சர் நகரில் ஒரு சான்று இருக்கிறது. 1922-இல் ஹாவர்ட் கார்ட்டர் அதே அரசர்கள் பள்ளத்தாக்கில் கண்டுபிடித்த அரசன் துட்டன்காமுனின் கல்லறையில், உடலை வைத்திருந்த அறையில் மட்டும்தான் ஓவியம் உண்டு. சிறிய அறை. வருகிற ஒவ்வொருவரும் மூச்சிலும் வியர்வையிலும் ஈரத்தைக் கொண்டுவருகிறார்கள், செருப்பில் தூசியையும். 2009-இல் மாட்ரிட்டைச் சேர்ந்த ஃபேக்டம் ஆர்டே குழு, ஆடம் லோ தலைமையில், அந்தச் சுவர்களைப் பதிவுசெய்தது. அதைக் கொண்டு செய்த நகல் அறை, பள்ளத்தாக்குக்குப் போகும் வழியில் கார்ட்டர் தங்கியிருந்த வீட்டின் பக்கத்தில், 2014-இல் திறக்கப்பட்டது.

லேசர் ஸ்கேனர் வேலை செய்யும் விதத்தை ஒரு டார்ச்சை வைத்தே புரிந்துகொள்ளலாம். சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்தால், நேராகப் பார்க்கும்போது கண்ணில் படாத மேடுபள்ளமெல்லாம் நிழலாக எழுந்துவரும். ஸ்கேனர் மெல்லிய ஒரு ஒளிக்கோட்டைச் சுவரில் பாய்ச்சுகிறது. கேமரா அதை வேறொரு கோணத்திலிருந்து பார்க்கிறது. சுவர் சமமாக இருந்தால் கோடு நேராக விழும். மேடு இருந்தால் ஒரு பக்கம் வளையும், பள்ளம் இருந்தால் மறுபக்கம். எவ்வளவு வளைந்தது என்பதை அளந்தால், பள்ளியில் படித்த முக்கோணக் கணக்கை வைத்தே அந்த இடத்தின் ஆழம் கிடைத்துவிடும். ஒளிக்கோட்டைச் சுவர் முழுக்க நகர்த்திக்கொண்டே போனார்கள். ஒரு சதுர மீட்டருக்குக் கிடைத்தது 10 கோடி புள்ளிகள். அதாவது புள்ளிக்குப் புள்ளி இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தூரிகை மயிர் விட்டுப்போன வரிகூட இதில் தப்பாது.

வடிவம் இப்படி. நிறத்துக்குத் தனியாகப் படமெடுத்தார்கள். ஆனால் ஃபோட்டோவை நம்பி நிறத்தை அச்சடிக்க முடியாது. ஜவுளிக்கடையில் எடுத்த புடவையை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் விரித்துப் பார்ப்போமே, அதே சிக்கல்தான். சுவரில் இருப்பது காவிமண்ணும் எகிப்திய நீலமும். அச்சு இயந்திரத்தில் இருப்பது மை. ஒரு விளக்கில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டும் இன்னொரு விளக்கில் பிரிந்துவிடும். அதனால் கல்லறைக்குள்ளேயே உட்கார்ந்து, கையால் வண்ணம் கலந்து பட்டைகளில் பூசி, சுவரின் பக்கத்தில் பிடித்து ஒப்பிட்டு, சரியான பட்டையைக் குறித்துக்கொண்டார்கள். அச்சடிக்கும்போது அந்தப் பட்டைகள்தான் அளவுகோல். இத்தனை கருவிகள் இருந்தும் கடைசித் தீர்ப்பைக் கண்தான் சொல்லியிருக்கிறது.

எகிப்திய நீலத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மணல், சுண்ணாம்பு, செம்புத் தாது, கொஞ்சம் காரத்தன்மையுள்ள உப்பு சேர்த்து ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டுச் செய்த செயற்கை நிறம் இது. இதன்மேல் சிவப்பு ஒளி பட்டால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை உமிழும். அதைப் படமெடுக்கும் கேமராவில், நீலம் இருக்கும் இடம் பளிச்சென்று வெள்ளையாக எரியும். வெறும் கண்ணுக்கு மறைந்துபோன நீலத்தின் துகள்களைக்கூட இப்படிப் பிடித்துவிடலாம். அச்சு மை அப்படி ஒளிராது. நம் கண்ணை ஏமாற்றும் நகல் அந்தக் கேமராவிடம் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் அறையைக் கட்டும் வேலை. ஸ்கேன் தரவை வைத்து, கணினி இயக்கும் செதுக்கு இயந்திரம் பலகைகளில் சுவரின் மேடுபள்ளத்தைச் செதுக்கியது. நிறத்தை நீளும் தன்மையுள்ள மெல்லிய தோல் போன்ற படலத்தில் அச்சடித்து, பலகையின்மேல் போர்த்தி, ஒவ்வொரு விரிசலும் தன் படத்தின்கீழ் வந்து அமரும்வரை நகர்த்தி ஒட்டினார்கள்.

இந்த நகலில் நான் அதிக நேரம் நின்று பார்க்க விரும்புவது தெய்வங்களை அல்ல, அவற்றின்மேல் பரவியிருக்கும் பழுப்புப் புள்ளிகளை. அவை பூஞ்சை போன்ற நுண்ணுயிர்கள் விட்டுப்போன கறை. கார்ட்டரின் புகைப்படக்காரர் ஹாரி பர்ட்டன் 1920-களில் எடுத்த படங்களிலும் அவை இருக்கின்றன. பழம்பொருள்களைப் பாதுகாக்கும் அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனம் அந்தப் படங்களையும் இன்றைய சுவரையும் ஒப்பிட்டது. புள்ளிகள் வளரவில்லை, உயிர் எப்போதோ போய்விட்டது. பூச்சு உலரும் முன்பே, இளம் வயதில் இறந்த அரசனை அவசரமாக உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள் என்பதற்கு இந்தக் கறையையே அடையாளமாகச் சொல்கிறார்கள். அழகுக்காகத் துடைத்திருந்தால் அந்த அவசரமும் அழிந்திருக்கும். நகல் செய்தவர்கள் துடைக்கவில்லை. நல்ல முடிவு.

மூலத்தில் இல்லாத ஒன்றும் நகலில் உண்டு. பொன் பூசிய பெரிய பேழைகளை வெளியே எடுக்க வழியில்லாமல், கார்ட்டர் தெற்குச் சுவரின் ஒரு பகுதியை இடித்தார். அதில் ஐசிஸ் தெய்வம் இருந்தாள். பர்ட்டனின் கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து அந்தத் துண்டைத் திரும்ப உருவாக்கி, நகல் அறை வளாகத்தில் தனியாக வைத்திருக்கிறார்கள். அரசனை வரவேற்றபடி அவள் அங்கே நிற்கிறாள்.

நிறம் முற்றிலும் போய்விட்ட இடத்தில் என்ன செய்வது? நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கும் டெண்டூர் கோயில், கி.மு. 15 வாக்கில் எழும்பியது. அது எகிப்தில் இருந்த காலத்தில், 1900-களின் தொடக்கத்தில் கட்டிய அஸ்வான் அணையால் ஆண்டில் பல மாதம் நீரில் மூழ்கிக் கிடந்து, சுவர் வெறும் மணற்கல்லாகிவிட்டது. நல்ல வேளையாக, 1906-இல் எய்ல்வர்ட் பிளாக்மன் என்ற ஆய்வாளர் அங்கே எஞ்சியிருந்த நிறத் தடயங்களைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பையும் மற்றக் கோயில்களில் பிழைத்த நிறங்களையும் துணைக்கு வைத்து, ரோமப் பேரரசர் அகஸ்டஸ் எகிப்திய அரசனின் உடையில் ஹாத்தோர், ஹோரஸ் என்ற தெய்வங்களுக்கு மது படைக்கும் சிற்பத்துக்கு அருங்காட்சியகத்தார் நிறம் கொடுத்தார்கள். தூரிகை எடுக்கவில்லை. புரொஜெக்டரிலிருந்து, செதுக்கிய ஒவ்வொரு கோட்டுக்கும் பொருந்தும்படி ஒளியைப் பாய்ச்சினார்கள். அகஸ்டஸின் உடையிலும் ஹாத்தோரின் கொம்பிலும் நிறம் ஏறியது. நாளை புதிய தடயம் கிடைத்து நீலம் பச்சையாக வேண்டுமென்றால், கணினியில் மாற்றினால் போதும். விளக்கை அணைத்ததும் கல் இருந்தபடியே இருக்கும். ஒரு துகள்கூட உதிராது.