உப்புக்குள் ஒரு எண்ணெய்க் கிடங்கு

1973 அக்டோபரில் எகிப்தும் சிரியாவும் இஸ்ரேலைத் தாக்கின. இஸ்ரேலுக்கு ஆயுதம் அனுப்பிய அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெய் தர மறுத்தன. மூன்று டாலராக இருந்த ஒரு பீப்பாய் கச்சா எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரை நெருங்கியது. அந்த அடியில் பிறந்ததுதான் 1975 டிசம்பரில் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம். நாட்டின் அவசரத் தேவைக்கு எண்ணெயைச் சேமித்துவைக்கச் சொன்னது அது.

எங்கே சேமிப்பது? தரைக்கு மேல் தொட்டி கட்டினால் செலவு பல மடங்கு. தீ பயம் வேறு. டெக்சாஸ், லூசியானா கடற்கரையோரம் பூமிக்கடியில் மலைமலையாக உப்புப் பாறை இருக்கிறது. எண்ணெய் உப்பைக் கரைக்காது, உப்பும் எண்ணெயைக் கசியவிடாது. ஆழத்து அழுத்தத்தில் உப்பு மெல்ல மெல்ல நகரும் என்பதால் விரிசல் விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும்.

குகை தோண்ட ஆளோ வெடியோ வேண்டாம். கிணறு போட்டு நன்னீரை உள்ளே செலுத்தினால் உப்பு கரைந்து உவர்நீராக வெளியேறும். ஒரு பீப்பாய் இடம் கிடைக்க ஏறத்தாழ ஏழு பீப்பாய் நீர் செலவாகும். நீர் கூரையையும் தின்றுவிடாதபடி அதன்மேல் எண்ணெய்ப் படலம் ஒன்றை மிதக்கவிடுவார்கள். முடிவில் கிடைப்பது 60 மீட்டர் அகலமும் 600 மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட, ஒரு கோடி பீப்பாய் பிடிக்கும் குகை. இப்படி அறுபது குகைகள்.

எண்ணெயை வெளியே எடுப்பதும் நீரால்தான். அடியில் நீரைச் செலுத்தினால் எண்ணெய் மிதந்து மேலேறிக் குழாய்க்கு வந்துவிடும். ஆனால் அந்த நீரும் சுவரைக் கரைக்கும். அதனால் குகைகளை முழுதாகக் காலிசெய்வது ஐந்து முறைக்குத்தான் என்று கணக்கிட்டே வடிவமைத்தார்கள்.

இத்தனை செய்து பலன் என்ன? 1991 ஜனவரியில் வளைகுடாப் போரில் குண்டுவீச்சு தொடங்கியதுமே கையிருப்பைத் திறக்க அதிபர் புஷ் உத்தரவிட்டார். ஒரே நாளில் விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. குகையிலிருந்து அதற்குள் ஒரு சொட்டும் சந்தைக்கு வந்திருக்கவில்லை! போர் சீக்கிரம் முடியும் என்ற நம்பிக்கைக்கே இதில் பெரும் பங்கு என்பது என் கருத்து. ஆனாலும் அச்சத்தால் ஏறிய விலையை ஓர் அறிவிப்பும் இறக்கக்கூடும். உண்மையான தட்டுப்பாடு வேறு விஷயம். 2022இல் உக்ரைன் போரின்போது ஆறு மாதங்களுக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் பீப்பாய் விடுவதாக அறிவித்தார்கள். உலகின் அன்றாடத் தேவையோ சுமார் பத்துக் கோடி.

இந்தியா விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய இடங்களில் கடும் பாறையைக் குடைந்து வைத்திருக்கிறது. சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தத்தை எண்ணெயின் அழுத்தத்தைவிட அதிகமாக வைத்திருப்பார்கள். ஆகவே நீர்தான் உள்ளே கசியும், எண்ணெய் வெளியே போகாது. கொள்ளளவு 53.3 லட்சம் டன், சுமார் ஒன்பதரை நாள் தேவைக்குச் சமம்.

திறப்பது எளிது, நிரப்பத்தான் மனம் வருவதில்லை. 2020இல் கொரோனாவால் எண்ணெய் விலை பாதாளத்துக்குப் போனபோது குகைகளை நிரப்ப அமெரிக்க நிர்வாகம் 300 கோடி டாலர் கேட்டது, நாடாளுமன்றம் தரவில்லை. அந்த ஏப்ரல், மே மாதங்களில்தான் இந்தியா தன் மூன்று கிடங்குகளையும் மலிவு விலை எண்ணெயால் நிரப்பிக்கொண்டது.