மூன்று மீனுக்கு மட்டும் சிவப்பு

ஒன்று முதல் பத்து வரை தடங்கல் இல்லாமல் ஒப்பிக்கும் ஒரு மூன்று வயதுக் குழந்தையிடம், "மூணு கிரேயான் எடுத்துக் குடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கையில் அகப்பட்டதை அள்ளிக் கொடுத்துவிடும். கவனக் குறைவோ குறும்போ அல்ல இது. அந்தக் குழந்தைக்கு 'மூன்று' என்பது ஒரு பாட்டில் மூன்றாவதாக வரும் சொல், அவ்வளவுதான். அது ஓர் அளவு என்பது இன்னும் பிடிபடவில்லை. எண்ணையும் நிறத்தையும் பிடிபட வைக்கக் கலர் அடிக்கும் தாள் எப்படி உதவும் என்று பார்ப்போம்.

உளவியலாளர் கேரன் வின் 1990-இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளை இப்படித்தான் சோதித்தார். குழந்தை முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை மட்டும் சரியாகக் கற்கிறது. சில மாதங்கள் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று. அதற்கும் பிறகுதான், எண்ணி முடிக்கையில் வாயில் வரும் கடைசிச் சொல்லே மொத்த எண்ணிக்கை என்பது புரிகிறது. அதற்குள் வயது மூன்றரை, நான்கு ஆகிவிடுகிறது.

நிறப் பெயர்களும் இதே போலத் தாமதமாகத்தான் வருகின்றன. நான்கு மாதக் குழந்தைக்கே நீலமும் பச்சையும் வேறு வேறாகத் தெரியும். ஆனால் அவற்றின் பெயரைச் சரியாகச் சொல்ல மூன்று வயதுக்கு மேலும் ஆகலாம். பொருள்களின் பெயரையெல்லாம் சொல்லும் தன் பிள்ளைகள் நிறத்தின் பெயரைக் கேட்டால் திணறுவதைக் கண்டு, அவர்களுக்கு நிறக்குருடோ என்றே டார்வின் நினைத்துவிட்டதாக 1877-இல் எழுதியிருக்கிறார்.

காரணம் இதுதான். புதிதாக ஒரு சொல் காதில் விழுந்தால், குழந்தை அதை முழுப் பொருளின் பெயராகவே எடுத்துக்கொள்கிறது. பந்தைக் காட்டி 'சிவப்பு' என்றால், உருண்டையாக இருப்பதற்குப் பெயர் 'சிவப்பு' என்றும் அது நினைக்கலாம், உருளுவதற்குப் பெயர் 'சிவப்பு' என்றும் நினைக்கலாம். சிவப்பு தனியாக எங்கும் கிடைக்காது, ஏதாவது ஒரு பொருளின் மேல்தான் இருக்கும். மூன்றும் அப்படியே. மூன்று மீன்களில் எந்த மீனிலும் 'மூன்று' இல்லை.

கலர் அடிக்கும் தாள் உதவுவது இங்கேதான். ஒரே அளவில், ஒரே வடிவில் ஆறு மீன்கள் கோட்டோவியமாக இருக்கின்றன. மூன்றுக்குச் சிவப்பு, மூன்றுக்கு நீலம். வடிவம் மாறவில்லை, அளவு மாறவில்லை, நிறம் ஒன்றுதான் மாறியிருக்கிறது. அதையும் குழந்தையே தன் கையால் மாற்றியிருக்கிறது. 'சிவப்பு' என்ற சொல் போய் ஒட்டிக்கொள்ள வேறு இடமே இல்லை.

ஆனால் எல்லாத் தாளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மிகவும் புழக்கத்தில் இருப்பது, 1 என்று எழுதிய இடத்தில் சிவப்பு, 2-இல் நீலம், 3-இல் பச்சை என்று அடிக்கும் வகை. எழுதிய எண்களின் வடிவத்தை அடையாளம் காண, குறிப்பாக 6-ஐயும் 9-ஐயும் பிரித்தறிய, அது நல்ல பயிற்சி. எண்ணிக்கையை மட்டும் அது கற்றுத்தராது. அங்கே 3 என்பது பச்சைக்கான ஓர் அடையாளக் குறி. அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தைப் போட்டாலும் படம் அப்படியே வரும். அந்தத் தாளை முடித்த குழந்தை எண் கற்றுவிட்டதாக நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்ணிக்கைக்கு வேண்டியது வேறு கேள்வி: "ஆறு மீன்ல மூணு மீனுக்கு மட்டும் சிவப்பு அடி." இதில் கற்றல் நடப்பது அடிக்கும்போது அல்ல, நிறுத்தும்போது. மூன்றாவது மீனை முடித்த கை நான்காவதை நோக்கிப் போகும். அங்கே குழந்தை தயங்கினால், திரும்பிப் பார்த்தால், உதட்டை அசைத்து எண்ணினால், 'மூன்று' அதற்கு அளவாக மாறத் தொடங்கிவிட்டது. தயங்காமல் ஆறையும் அடித்துத் தீர்த்தால் இரண்டுக்கு இறங்கி வாருங்கள். பத்து வரை ஒப்பிக்கிறதே என்று பத்து மீன் கொடுப்பதில் பயனில்லை.

நாம் பேசும் விதமும் முக்கியம். உளவியல் ஆய்வாளர் மைக்கேல் ராம்ஸ்கரின் குழு 2010-இல் ஆங்கிலம் பேசும் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் ஒரு சோதனை செய்தது. 'சிவப்புப் பந்து' என்ற வரிசையில் கேட்டவர்களைவிட, 'பந்து சிவப்பு' என்று பொருளை முன்னால் வைத்துக் கேட்டவர்கள் நிறப் பெயரை நன்றாகக் கற்றார்கள். 'பந்து' என்றதும் கண் பந்துக்குப் போய்விடுகிறது. அடுத்து வரும் சொல் அதன் ஏதோ ஒரு தன்மையைச் சொல்கிறது என்று தேட வசதியாகிறது. எண் சொற்களுக்கும் இதே போன்ற பலனை அந்தக் குழு அடுத்த ஆண்டு கண்டது. தமிழில் இரண்டு வரிசையும் இயல்பாக வரும் என்பதால் நமக்கு இது சுலபம்: "இந்த மீன் சிவப்பு. சிவப்பு மீன் மூணு இருக்கு." உடனே ஒவ்வொன்றாகத் தொட்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு." மொத்தத்தை முதலில் சொல்லிவிட்டு, கையோடு எண்ணிக் காட்டுவது, வெறுமனே எண்ணிக் காட்டுவதைவிட நன்றாக மனதில் பதிகிறது.

தாள் எளிமையாக இருக்கட்டும். செதில், குமிழி, பாசி எல்லாம் நிறைந்த படத்தில் எதை எண்ணுவது என்றே குழந்தைக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் இரண்டு கிரேயான் போதும், அதுவும் சிவப்பும் நீலமும் போல நன்றாக விலகிய நிறங்கள். அவை பழகிய பிறகு அதே சிவப்பை இலைக்கும் தொப்பிக்கும் அடிக்கக் கொடுங்கள். மீன் மட்டும்தான் சிவப்பு என்ற எண்ணம் அப்போது உடையும். இலைக்குச் சிவப்பா என்று தடுக்க வேண்டாம்.

ஆரஞ்சைக் காட்டி 'சிவப்பு' என்று சொல்லும் குழந்தையை 'தப்பு' என்று அதட்டவும் வேண்டாம். அதற்குச் சிவப்பு ஓரளவு தெரியும், எல்லைதான் இன்னும் அகலமாக இருக்கிறது. இரண்டு கிரேயானையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் தீட்டி, "இது சிவப்பு, இது ஆரஞ்சு" என்று காட்டினால் அந்த எல்லை மெல்லச் சுருங்கும். ஆனால் நான்கு வயதைத் தாண்டியும் பச்சைக்குப் பழுப்பையே திரும்பத் திரும்ப எடுத்தால், ஒரே நிறத்தில் இரண்டு கிரேயானை ஜோடி சேர்க்கவும் திணறினால், கண் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் பையன்களிடம்தான் அதிகம். பயிற்சியால் அது மாறாது. அந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு கிரேயானிலும் நிறத்தின் பெயரையோ ஓர் அடையாளத்தையோ ஒட்டிக் கொடுத்தால், மூன்று மீனை அதுவும் மற்றவர்களைப் போலவே எண்ணி அடிக்கும்.