வெள்ளம் வடிந்த பிறகுதான் சபைக்கு வேலை

மேட்டூர் அணையிலிருந்து வரும் உபரிநீர் வினாடிக்கு இரண்டு லட்சம் கன அடியை நெருங்கினால், பவானி, குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி வந்துவிடும். 2018 ஆகஸ்டிலும் 2022 ஆகஸ்டிலும் அப்படித்தான் ஆனது. பள்ளிக்கூடமும் கல்யாண மண்டபமும் முகாம்களாகும். சாப்பாட்டுப் பொட்டலம், பாய், போர்வை எல்லாம் குவியும். தண்ணீர் வடிந்ததும் முகாம் கலையும், உதவ வந்தவர்களும் கிளம்பிவிடுவார்கள். பேரிடர் மறுவாழ்வில் வேலை செய்கிற சமூகப் பணியாளராக நான் அதிகம் கவலைப்படுவது அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றித்தான். உள்ளூர்க் கிறிஸ்தவ சபைகள் கைகொடுக்க வேண்டியதும் அப்போதுதான்.

பவானியில் ஜமுக்காளம் நெய்யும் பெரியவர் ஒருவர், "சோத்துக்குக் குறையில்லைங்க அம்மணி, தறிக்குழிய யாருங்க பார்க்கறது?" என்று கேட்டார். குழித்தறியில் மிதி இயங்குவதே தரைக்குள் வெட்டிய குழியில்தான். அதில் சேறு நிரம்பி, சட்டத்து மரம் ஊறி உப்பி, பாவு நூல் அழுகிக் கிடந்தது. குழியை அள்ளிக் காயவைத்து, மரம் மாற்றி, புதுப் பாவு ஏற்றுகிற வரைக்கும் அவருக்குக் கூலி கிடையாது. சேதக் கணக்கெடுப்பில் சுவர் இடிந்தால் கண்ணில் படுகிறது. நின்றுபோன தறி படுவதில்லை.

மார்ட்டின் லுத்தர் வழிவந்த கிறிஸ்தவ சபைகளான லுத்தரன் திருச்சபைகளின் அனுபவம் நமக்கு உதவுவது இந்த இடத்தில்தான். 1706-இல் அவர்கள் பணி தொடங்கிய தரங்கம்பாடிக் கரையையே 2004 டிசம்பர் 26 சுனாமி அடித்தது. அங்கே முதல் வாரச் சோற்றோடு வேலை முடியவில்லை. படகு, வலை, வீடு என்று பிழைப்பைத் திரும்ப நிறுத்த வருடக்கணக்கானது. லுத்தரன் உலகக் கூட்டமைப்பு, திருச்சபைகள் சேர்ந்து நடத்தும் நிவாரண அமைப்பான ஆக்ட் கூட்டணி போன்ற அமைப்புகளின் பணமும் ஆட்களும் இப்படிப்பட்ட வேலைகளுக்கு வருவதுண்டு. ஸ்வீடன் திருச்சபை மனநல ஆதரவில் தனிக் கவனம் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து வருபவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள். உள்ளூர்ச் சபை எங்கேயும் போகாது, அதுதான் அதன் பெரிய பலம். எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார், யாருடைய ரேஷன் அட்டை ஆற்றோடு போனது என்பது அதற்குத் தெரியும்.

கொங்கில் கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் சபைகள் இருக்கின்றன. ஆற்றங்கரையில் மட்டுமில்லை, வால்பாறை மலைச்சரிவிலும் மழைக்கால ஆபத்து உண்டு. அப்புறம், உதவி பெறுகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று பார்க்கக் கூடாது. 1994-இல் செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் பேரிடர் நிவாரணத்துக்காகக் கொண்டுவந்த நடத்தை நெறியே இதைச் சொல்கிறது. அதை முன்னின்று உருவாக்கியவற்றில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒன்று. உதவிப் பட்டியலில் பெயர் சேர்க்கும்போது ஜெபக்கூட்டத்துக்கு அழைப்பதைக்கூட நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பசியோடு நிற்பவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது.

சபைக் கமிட்டிகளிடம் நான் கேட்பது கொஞ்சம்தான். பழைய துணி சேர்க்காதீர்கள், அதைப் பிரிக்கவே ஆள் போதாது. கடை திறந்திருந்தால் பொருளை விடப் பணமாகக் கொடுங்கள். குடும்பத்துக்கு என்ன வேண்டும் என்பதை அவர்களே சொல்லட்டும். பெண்களிடம் தனியாகப் பெண்களே பேசட்டும், நாப்கின், உள்ளாடை என்று ஆண்கள் முன்னால் யாரும் வாய் திறப்பதில்லை. தொலைந்த பட்டா, வங்கிப் புத்தகம், ஆதார் வாங்க விண்ணப்பம் எழுதித் தர ஒருவரை மூன்று மாதமாவது உட்கார வையுங்கள். தென்மேற்குப் பருவமழை வருவதற்குள் சபை மண்டபத்துக் கழிப்பறையைச் சரிசெய்து, ராத்திரி இரண்டு மணிக்கு வெள்ளம் வந்தால் மண்டபத்துச் சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.