முதல் மாண்டலின்: காசை எதில் போடுவது?

முதல் மாண்டலினுக்கு எட்டாயிரம் ரூபாய் ஒதுக்கியிருந்தால், ஆறாயிரத்துக்குள் வாத்தியத்தை முடித்துக்கொண்டு மீதியைக் கம்பிக்கும் செட்டப்புக்கும் (கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்யும் வேலை) வைத்துக்கொள்ளுங்கள். முழுப் பணத்தையும் வாத்தியத்திலேயே போட்டவர்கள்தான் இரண்டே மாதத்தில் "விரல் வலிக்குது, சுருதி நிக்கல" என்று சர்வீஸுக்கு வருகிறார்கள். பெரும்பாலும் கோளாறு மரத்தில் இருக்காது. கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் பதியும் சிறு கட்டையான நட்டின் பள்ளம் சரியாக அறுக்கப்பட்டிருக்காது, அல்லது மேல்பலகையில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் இடம் மாறி நின்றிருக்கும்.

விலை பேசும் முன் எதை வாசிக்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். சாதாரண மாண்டலினில் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. சினிமாப் பாட்டு, மெல்லிசை, சர்ச் பாட்டுகளுக்கு இது போதும். கர்நாடக சங்கீதம் என்றால் கதை வேறு. கமகத்துக்காக, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்க, கம்பியை இழுத்தால் ஜோடியில் இரண்டும் ஒரே அளவு ஏறாது, ஸ்வரம் கலங்கும். யு. ஸ்ரீனிவாஸ் (1969–2014) வாசித்த மின் மாண்டலினில் ஒற்றைக் கம்பிகள்தான். எட்டுக் கம்பி மாண்டலினிலேயே ஜோடிக்கு ஒன்றைக் கழற்றிவிட்டுச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சத்தம் குறையும். நட்டின் பள்ளங்கள் ஜோடிக்காக அறுக்கப்பட்டவை என்பதால் கம்பிகளின் இடைவெளியும் ஒழுங்காக வராது. கர்நாடக வழிக்கு ஒற்றைக் கம்பி மின் மாண்டலினையே முதலில் வாங்குவது நல்லது.

தோள்பட்டையில் சுருள் வைத்த எஃப் வடிவம் பார்க்க அழகுதான். அந்தச் சுருளால் ஒலி கூடுவதில்லை, கூலிதான் கூடுகிறது. குறைந்த விலையில் நீர்த்துளி போன்ற ஏ வடிவமே சரி. மேல்பலகை பிளைவுட்டா, ஒரே மரமா என்று அறிய ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள்: அடுக்கடுக்காகத் தெரிந்தால் பிளைவுட். ஒரே மரத்தின் நாதம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் தூக்கிக்கொண்டு அலைகிறவர்களுக்கு பிளைவுட் தேவலை, ஈரத்துக்கும் காய்ச்சலுக்கும் அவ்வளவாக அசையாது.

கடைக்குப் போகும்போது போனில் ட்யூனர் ஆப், சட்டைப்பையில் ஒரு சிறிய ஸ்டீல் ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேல் வேண்டாம். அதில் பூஜ்யம் விளிம்பிலிருந்து தொடங்காது. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கீற்றுகள்தான் மெட்டுகள்; பன்னிரண்டாம் மெட்டின் மேல் ஸ்கேலை நிறுத்தி, கம்பியின் அடிப்பக்கம் வரை அளந்து பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டர் இருக்கலாம். அதற்கு மேல் இருந்தால், பிரிட்ஜில் திருகுச் சக்கரம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் இறக்கிக்கொள்ளலாம். அடுத்து, கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்துங்கள். முதல் மெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளியே இருக்க வேண்டும். நிறைய இடைவெளி தெரிந்தால் நட் உயரம். முதல் மெட்டில் வாசிக்கும் ஸ்வரமெல்லாம் ஏறியே கேட்கும். இதை அரத்தால் தேய்த்துச் சரிசெய்யத் தெரிந்த ஆளிடம்தான் கொடுக்க வேண்டும். ஒரு இழுப்பு கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

மாண்டலின் பிரிட்ஜ் ஒட்டப்பட்டதல்ல, கம்பியின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு மணியோசை வரும். அதே மெட்டில் அழுத்தியும் மீட்டுங்கள். அழுத்திய ஸ்வரம் ஏறியிருந்தால் பிரிட்ஜை, கம்பிகளின் அடிமுனை மாட்டியிருக்கும் டெயில்பீஸ் பக்கமும், இறங்கியிருந்தால் கழுத்துப் பக்கமும் மயிரிழை நகர்த்த வேண்டும். கம்பியை முதலில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். பிரிட்ஜின் அடியில் எங்காவது தாள் நுழைந்தால் அது பலகையில் சரியாக உட்காரவில்லை, நாதம் அங்கேயே செத்துவிடும்.

சுருதி சேர்க்கும் கீயைத் திருப்பும்போது டிக் என்று சத்தம் வந்து சுருதி தாவினால், கடைக்காரர் கீயைத்தான் குறை சொல்வார். பெரும்பாலும் கம்பி நட்டுப் பள்ளத்தில் பிடித்துக்கொண்டிருக்கும். பென்சில் முனையால் பள்ளத்தில் நாலு தேய் தேய்த்தால் போதும்.

கம்பிக்கு, மெல்லிய கம்பிகள் கொண்ட லைட் செட் கேளுங்கள். ஈ கம்பி 0.010 அங்குலம். நுனியில் வளையம் உள்ளதுதான் மாண்டலினுக்கு உரியது, குண்டு வைத்தது கிதாருக்கு. மாற்றும்போது ஜோடி ஜோடியாக மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும்.

ஏப்ரல், மே மாதச் சேலம் வெயிலில் பூட்டிய காருக்குள் மாண்டலினை விடவே கூடாது. பசை இளகி, கம்பியின் இழுப்பில் மேல்பலகை அமுங்கிவிடும். ஏற்காட்டின் மழைக்காலத்தில் நேர்மாறு: ஒரே மரப் பலகை ஈரத்தில் உப்பி, கம்பி உயரும். மலையிலிருந்து இறங்கியதும் உறையை உடனே திறக்காமல் அரைமணி நேரம் விடுங்கள். குளிரில் இருந்த கம்பி சூடேறச் சூடேறச் சுருதி இறங்கும். அவசரமாகச் சேர்த்தால் மறுபடி சேர்க்க வேண்டியதுதான்.

ரெக்கார்டிங்குக்கு கன்டென்சர் மைக்கை ஒலித்துளைக்கு நேராக வைக்காதீர்கள், கும்மென்று அடிக்கும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தை நோக்கி 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியான இன்டர்ஃபேஸில், மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் சுவிட்சைப் போட வேண்டும். பலமாக மீட்டும்போதும் பதிவாகும் ஒலியளவு மைனஸ் 12 டெசிபெல் பக்கமே நிற்கட்டும். பலகையின் அதிர்வைப் பிடிக்கும், ஒட்டும் பீஸோ பிக்கப் மலிவு. அதை லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி தகரம் போலிருக்கும், கிதாருக்கான உள்ளீட்டில் செருகுங்கள். கம்பியை மீட்டும் பிக்கின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்தால் ஸ்வரத்தைவிட டிக் டிக்தான் பதிவாகும். மொசைக் தரை அறை எதிரொலித்தால் ஒரு பவானி ஜமுக்காளத்தை விரித்து, இன்னொன்றைச் சுவரில் தொங்கவிடுங்கள்.

மின்விசிறியை நிறுத்திய பிறகும் பதிவில் மெல்லிய ரீங்காரம் கேட்டால், பிரிட்ஜுக்கும் டெயில்பீஸுக்கும் நடுவே உள்ள கம்பித்துண்டுகளைக் கையால் பொத்திப் பாருங்கள். ரீங்காரம் நின்றுவிட்டால், பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு கீற்று வெட்டி அந்த இடத்தில் கம்பிகளுக்கு இடையே மேலும் கீழுமாகக் கோத்துவிடுங்கள்.