மிதிச்சாலும் வண்டி ஏன் இழுக்க மாட்டேங்குது?

போன மாசம் கொல்லிமலை ஏறும்போது எங்க டீசல் கார் திடீர்னு இழுக்கிறத நிறுத்திடுச்சு. 70 கொண்டை ஊசி வளைவுல பாதி கூட தாண்டல, செக் இன்ஜின் லைட் மஞ்சளா எரியுது, எவ்ளோ மிதிச்சாலும் ஆர்பிஎம் 2500ஐ தாண்டல, பின்னாடி பஸ்ஸு வேற ஹாரன் அடிக்குது. இன்ஜின் போச்சுன்னு பயந்துட்டேன். ஆனா இன்ஜினுக்கு ஒண்ணும் ஆகல, வண்டியோட கம்ப்யூட்டர் (ஈசியு) தானாவே பவரை குறைச்சிருந்துச்சு. இதைத்தான் லிம்ப் மோடுன்னு சொல்றாங்க, நொண்டி நொண்டியாவது வீடு போய் சேரட்டும்னு வண்டியிலயே வச்சிருக்கிற ஏற்பாடு.

எங்க வண்டில டர்போவுல (இன்ஜினுக்குள்ள காத்தை அழுத்தி அனுப்புற சின்ன விசிறி மாதிரி பொருள்) இருந்து காத்து போற ரப்பர் ஹோஸ் கிழிஞ்சிருந்துச்சு. இவ்ளோ காத்து அழுத்தம் வரணும்னு ஈசியு எதிர்பார்க்குது, சென்சார் அதைவிட கம்மியா காட்டுது, சரி பத்தலன்னு டர்போவை இன்னும் வேகமா சுத்த வைக்கப் பார்க்குது. டர்போ நல்லா இருக்கும்போதே நிமிஷத்துக்கு 1 லட்சம் சுத்துக்கு மேல சுத்துற பொருள், அதை அப்படியே விரட்டினா பேரிங் தாங்காது. அதனாலதான் கணக்கு ஒத்துவரலன்னு தெரிஞ்சதும் டீசலை குறைச்சு பவரை அமுக்கிடுது.

ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாகுதேன்னு நிறைய பேர் கேக்குறாங்க. ஆமா, எனக்கும் 2 வளைவு நல்லா ஏறுச்சு, அப்புறம் மறுபடி படுத்துடுச்சு. ஸ்டார்ட் பண்ணதும் ஈசியு முதல்ல இருந்து செக் பண்ணுது, சும்மா நிக்கும்போது டர்போவுக்கு வேலையே இல்ல, அதனால ஓட்டை தெரியாது, ஏத்தத்துல லோடு வந்ததும்தான் தெரியும்.

பெட்ரோல் வண்டியிலயும் இது வரும். இப்போ ஆக்சிலேட்டருக்கு கேபிள் கிடையாது, பெடல்ல 2 சென்சார் இருக்கும், ரெண்டும் வேற வேற வோல்டேஜ் அனுப்பும், ஈசியு ரெண்டையும் ஒத்துப் பார்க்கும். ஒத்துப்போகலன்னா நீங்க எவ்ளோ மிதிக்கிறீங்கன்னு அதுக்கு நிச்சயமா தெரியாது, தப்பா நம்பி வண்டி தானா பாஞ்சிடக் கூடாதேன்னு மெதுவா ஊர்ந்து போற அளவுக்குத்தான் விடும். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச விஷயமே இதுதான்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6ங்கிற புகை கட்டுப்பாட்டு விதி வந்தப்புறம் டீசல் கார்ல டிபிஎஃப் (புகையில வர்ற கரியை பிடிச்சு வைக்கிற ஃபில்டர்) அடைச்சும் இது வருது. அதுல சேர்ற கரி எரிய சுமார் 600 டிகிரி சூடு வேணும், தினமும் 3 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வர்ற வண்டிக்கு அந்த சூடு எங்க கிடைக்கும்? அளவுக்கு மீறி அடைச்சுட்டா ஹைவேல ஓட்டினாலும் பிரயோஜனமில்ல, மெக்கானிக் ஸ்கேனரை (ஈசியுவோட பேசுற கருவி) மாட்டித்தான் எரிக்க வைக்கணும்.

மஞ்சள் லைட்னா ஓரங்கட்டி ஒருதடவை ஆஃப் பண்ணி பாத்துட்டு மெதுவா மெக்கானிக்கிட்ட போயிடலாம். சிவப்புல ஆயில் லைட்டோ டெம்பரேச்சரோ எரிஞ்சா ஒரு அடி கூட ஓட்டாதீங்க, டோ பண்ணுங்க. தயவுசெஞ்சு பேட்டரி ஒயரை கழட்டி மாட்டாதீங்க, ஃபால்ட் கோடும் (என்ன கோளாறுன்னு ஈசியு பதிஞ்சு வைக்கிற குறியீடு), அது விழுந்தப்போ இருந்த வேகம், சூடு, அழுத்தமும் அதோட அழிஞ்சு போகலாம். எங்களுக்கு பி0299ன்னு வந்துச்சு, அழுத்தம் கம்மின்னு அர்த்தம். அதை வச்சுதான் மெக்கானிக் நேரா ஹோஸ்ல கைய வச்சாரு, விரல்ல ஆயில் ஒட்டுச்சு, கிழிசல் அங்கதான் இருந்துச்சு.